முதியோரின் சேமிப்பைக் காப்போம்

"சிறு துளி பெரு வெள்ளம்" என்பது முதுமொழி. நம் மாமல்லபுரத்தில் கல் செதுக்கும் சிற்பியரும், கடலை நம்பி வாழும் மீனவரும், ஓய்வு பெற்ற ஆசிரியரும் துளித் துளியாகவே சேமிக்கின்றனர். இளமையில் பணத்தை இழந்தால் மீண்டும் உழைத்து ஈட்டலாம். முதுமையில் இழந்தால் ஈட்டுவது எங்ஙனம்?

இக்கொடுமை புதியதன்று. சென்னையில் ஆர்பத்நாட் வங்கி 1906 அக்டோபர் 22 அன்று மூடப்பட்டது. பெரிய நிறுவனம் என்று நம்பிப் பணம் போட்டவர்கள் தவித்தனர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்த அனுபவமே, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால், 1907-இல் இந்தியன் வங்கி தோன்றக் காரணமாயிற்று.

அண்மையில், ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி தருவதாகக் கூறி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகக் காவல்துறை தெரிவித்தது. வழக்கு 2022-இல் பதிவாயிற்று. கணக்குப் பாடம் கற்கும் நாம் சற்று எண்ணிப் பார்ப்போம். மாதம் 30 விழுக்காடு என்றால், ஒரு லட்சத்துக்கு நான்கே மாதத்தில் 1,20,000 ரூபாய் வட்டி! நேர்மையான எந்தத் தொழில் இத்தனை இலாபம் தரும்? பின்னால் வருவோர் பணத்தை முன்னால் வந்தோர்க்கு வட்டியாகக் கொடுப்பதே இத்தகைய மோசடித் திட்டங்களின் சூழ்ச்சி. புதியவர் வரவு நின்றதும் எல்லாம் சரிந்துவிடும்.

ஆசை காட்டுவது ஒரு வழி என்றால், அச்சம் காட்டுவது மற்றொரு வழி. காவலர் உடையில் ஒருவன் வீடியோ அழைப்பில் தோன்றி, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், யாரிடமும் சொல்லக் கூடாது" என்று மிரட்டுகிறான். இந்தியச் சட்டத்தில் அப்படியொரு கைதே இல்லை. "யாரிடமும் சொல்லாதே" என்னும் சொல்லே மோசடியின் அடையாளம். உடனே அழைப்பைத் துண்டித்து, வீட்டாரிடம் கூற வேண்டும். ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லலாகாது.

பணம் போய்விட்டால் என்ன செய்வது? தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்; வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும். விரைந்து புகார் செய்தால் இடையிலேயே முடக்க வாய்ப்புண்டு. நிதி நிறுவன மோசடி என்றால் பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் தரலாம். தமிழகத்தின் 1997-ஆம் ஆண்டு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி, அந்நிறுவனத்தின் சொத்துகளைப் பறிமுதல் செய்து வைப்பீட்டாளருக்குப் பகிர்ந்தளிக்கலாம். "இழந்ததை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்று வருபவனையும் நம்பக் கூடாது. அது இரண்டாம் மோசடி. முதியோர் உதவி எண் 14567.

அன்புத் தோழியரே, ஏமாந்த தாத்தா பாட்டியர் பலர் வீட்டாரின் ஏச்சுக்கு அஞ்சியே உண்மையை மறைக்கின்றனர். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே ஆதாயம். எனவே, "ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்பதற்கு முன், "வாருங்கள், நான் உடன் வருகிறேன்" என்று சொல்வோம். குற்றம் ஏமாற்றியவனுடையது, ஏமாந்தவருடையது அன்று. இன்றே நம் வீட்டு நாட்காட்டியில் 1930 என்று பெரிய எழுத்தில் எழுதி வைப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி