செய்தி போய்ச் சேர்ந்ததா?

என்.எம்.எம்.எஸ். என்று நாம் சுருக்கமாக அழைக்கும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் தெரிவாகும் 8-ஆம் வகுப்பு மாணவருக்கு, 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். கூலி வேலைக்குச் செல்லும் ஒரு குடும்பத்தில், பெண்ணைப் பத்தாம் வகுப்போடு நிறுத்துவதா, மேலே படிக்க வைப்பதா என்பதையே இந்தத் தொகை முடிவு செய்துவிடும்.

தேர்வுக்குப் பயிற்சி தருவதில் நம் ஆசிரியர்கள் குறை வைப்பதில்லை. ஆனால் பயிற்சியோடு வேலை முடிவதில்லை. வருமானச் சான்றிதழ் வாங்க வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். தெரிவான பின் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் கடைசி நாள் உண்டு. அந்த நாள் பெற்றோருக்கு உரிய நேரத்தில் தெரியாமல் போனால், குழந்தையின் உழைப்பு வீணாகும்.

நடுநிலைப்பள்ளியில் 8-ஆம் வகுப்பைக் கையாளும் பட்டதாரி ஆசிரியராக, எங்கள் பள்ளியில் பின்பற்றிவரும் சில எளிய முறைகளை இங்கே பகிர்கிறேன். புதிய கருவி எதுவும் இவற்றுக்குத் தேவையில்லை. நம் கையிலுள்ள கைபேசியும் ஒரு நோட்டும் போதும்.

முதலில் எண்கள், பிறகு செய்தி

வருகைப் பதிவேட்டில் பெற்றோர் கைபேசி எண் இருக்கும். அது யாருடைய எண், யார் கையில் எந்த நேரம் இருக்கும் என்பது இருக்காது. ஒரு பெற்றோர் கூட்டத்தில், வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி பார்ப்பீர்களா என்று ஒரு தாயிடம் கேட்டேன். “போன் அவரு கூடவே திருப்பூருக்குப் போயிடும் சார். சனிக்கிழமை வந்தாத்தான் நான் கண்ணுல பார்ப்பேன்” என்றார். குழுவின் உறுப்பினர் பட்டியலில் அந்த வீடு இருந்தது. ஆனால் செய்தியைப் பார்க்க வேண்டியவர் அதில் இல்லை.

இதன்பின் வகுப்புப் பட்டியலில் மூன்று பத்திகளைச் சேர்த்தோம். திறன்பேசியா, பட்டன் போனா? யாரிடம், எந்த நேரம் இருக்கும்? வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யார்? பட்டியல் நிரம்பியதும் வகுப்பு தானாகவே மூன்றாகப் பிரிந்தது: எழுத்துச் செய்தி போதுமானவர்கள், குரல்பதிவு தேவைப்படுபவர்கள், நேரில் அழைத்துத்தான் சொல்ல வேண்டியவர்கள். மூன்றாவது வகையில் சில வீடுகளே இருந்தன. ஆனால் உதவித்தொகை மிகவும் தேவைப்பட்டவையும் பெரும்பாலும் அந்த வீடுகள்தான்.

வழிக்கு ஏற்ற செய்தி

வாட்ஸ்ஆப்: ஒரு செய்தியில் ஒரு வேலை மட்டும் இருக்கட்டும். யாருக்கு, என்ன, எந்த நாளுக்குள், எதைக் கொண்டு, யாரிடம் என்ற ஐந்தும் தெரிய வேண்டும். எங்கள் செய்தி ஒன்று: “8-ஆம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு. வருமானச் சான்றிதழ் வேண்டும். கடைசி நாள்: 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க ஆதார், குடும்ப அட்டை கொண்டு செல்லவும். சந்தேகம் இருந்தால் காலை 9 மணிக்கு வகுப்பாசிரியரை அழைக்கவும்.” விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிகளைக் கடந்து வர வேண்டும். ஆகவே உண்மையான கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஒரு நாளைக் குறித்துச் சொல்கிறோம்.

முக்கியச் செய்தியைக் குழுவின் மேற்பகுதியில் பின் செய்து வைக்கலாம். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று காலத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி சேரும். பெற்றோர் கூட்டத்திலேயே பள்ளி எண்ணைச் சேமிக்க வைப்பது நல்லது.

குறுஞ்செய்தி: ஆங்கிலத்தில் 160 எழுத்துக்கு இடம் தரும் குறுஞ்செய்தி, தமிழில் 70-க்குத்தான் தரும். நாம் ஓரெழுத்தாக நினைக்கும் உயிர்மெய்யின் துணைக்குறியும், மெய்யின் புள்ளியும், இடைவெளியும் தனித்தனியே எண்ணப்படும். ‘பள்ளி’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து இடம் போகும். “வருமானச் சான்று 12 வெள்ளிக்குள் தேவை. 8-ஆம் வகுப்பு” என்பது ஒரே செய்தியில் அடங்கிவிடும். வணக்கமும் வாழ்த்தும் சேர்த்தால் அது இரண்டு மூன்று செய்தியாகப் பிரியும்.

குரல்பதிவு: படிக்கத் தெரியாத பெற்றோருக்கு இதுவே சிறந்தது. அரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முதல் வரியிலேயே குழந்தையின் பெயரைச் சொன்னால் கவனித்துக் கேட்பார்கள். தேதியையும் கிழமையையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். கூலி வேலைக்குச் செல்பவர்கள் கிழமையைத்தான் நினைவில் வைப்பார்கள்.

நேரடி அழைப்பு: பேசி முடித்ததும், “என்ன கொண்டு வரணும்னு ஒரு தடவை சொல்லுங்கம்மா” என்று கேட்கிறோம். அவர் திருப்பிச் சொல்லும்போதுதான் என்ன விட்டுப்போனது என்பது நமக்குத் தெரிகிறது. வகுப்பில் ஒரு கருத்தை விளக்கியபின் கேள்வி கேட்கிறோமே, அதே முறைதான்.

படமாக அனுப்ப வேண்டாம்

சுற்றறிக்கையைப் புகைப்படம் எடுத்து அப்படியே குழுவில் போடுவது நமக்கு எளிது. சிறிய திரையில் அதைப் பெரிதாக்கி, இழுத்து இழுத்துப் படிப்பது பெற்றோருக்குக் கடினம். பார்வைக் குறைபாடுள்ள சக ஆசிரியர்களும் பெற்றோர்களும் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள், யூனிகோடு எழுத்தைத் தடையின்றிப் படித்துக் காட்டும்; படத்தில் உள்ளதை அந்த அளவுக்கு நம்பிப் படிக்க முடியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தமிழ்99 விசைப்பலகையை ஒரு வாரம் பழகினால் யூனிகோடில் நேரடியாகத் தட்டச்சு செய்யலாம். தட்டச்சு வராதவர்கள் கைபேசியின் ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசினால் அதுவே எழுத்தாக மாறும். ஒருமுறை படித்துத் திருத்திவிட்டு அனுப்பலாம்.

ஆசிரியர்களுக்குள்ளே

அலுவலக ஆணையும் பிறந்தநாள் வாழ்த்தும் ஒரே குழுவில் வந்தால் ஆணைதான் மூழ்கிப்போகும். எங்கள் பள்ளியில் இரண்டு குழுக்கள் வைத்துள்ளோம். ஒன்றில் தலைமையாசிரியர் மட்டுமே பதிவிடுவார். மாணவர் விவரம் கேட்கப்படும்போது, ஒவ்வொருவரும் தனித்தனிக் கோப்பு அனுப்பாமல், பகிர்ந்த ஒரே கூகுள் விரிதாளில் அவரவர் வகுப்பு வரிசையை நிரப்புகிறோம். எந்த வகுப்பு நிலுவை என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடுகிறது.

மாணவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றைக் குழுவில் பதிவிடக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தைகளாகவே கொண்டு, அவர்களது தரவுகளுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. விரிதாளையும் தேவையானவர்களுக்கு மட்டும் திறந்து வைக்க வேண்டும்.

சேர்ந்ததைச் சரிபார்த்தல்

வாட்ஸ்ஆப்பில் நாம் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் பகுதியைத் திறந்தால், யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார் என்ற பட்டியல் வரும். செய்தியே சேராதவர்களை இதில் கண்டுகொள்ளலாம். மறுநாள் காலை இதைப் பார்த்து, நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறி இடுகிறோம். குறி விழாத வீடுகளுக்கு அன்றே அழைப்பு போகும். அழைப்பும் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு மாணவர் வழியாக ஒரு துண்டுச் சீட்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பகுதியில் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் நேரில் சொல்லிவருவார். வாரத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் இதற்கு ஆவதில்லை.

“குழுவில் போட்டாயிற்று” என்பது நமக்குக் கணக்கு முடிந்ததாகத் தோன்றலாம். சான்றிதழ் குழந்தையின் பையில் பள்ளிக்கு வந்து சேரும்போதுதான் அந்த வேலை முடிகிறது. இந்த வாரம் உங்கள் வகுப்புப் பட்டியலை எடுத்து, அந்த மூன்று பத்திகளை நிரப்பிப் பாருங்கள். நம் செய்தி இதுவரை எட்டாத வீடுகள் எவை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.