கடலோடிகள் வழங்குஞ் சொற்கள்

மரக்கலஞ் செலுத்துவோர் வழங்குஞ் சொற்கள் ஏட்டுத்தமிழோடு ஒத்தும் வேறுபட்டும் நிற்றலைக் காண்கிறோம். நூலோர் தென்காற்றைத் தென்றலென்றும் மேல்காற்றைக் கோடையென்றுங் கூறுவர். யாழ்ப்பாணத்துக் கடலோடிகளோ அவற்றை முறையே சோழகம், கச்சான் என்பர். கொண்டலும் வாடையும் இருபாலார்க்கும் பொது. நூலில் மீகாமன் எனப்படுவோன் வல்வெட்டித்துறையில் தண்டையல். அத்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், தமிழ் மாலுமிகளோடு 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அத்தகைய கப்பல்கள் அருகிவிட்டமையின், அவற்றின் பாய்க்கும் கயிற்றுக்குமுரிய பெயர்களை முதியோர்பாற் கேட்டு விரைந்து எழுதிவைத்தல் வேண்டுமென்பது நங்கருத்து. சுக்கான் அரபுச்சொல்லென்று அதனைத் தள்ளுதல் பொருந்தாது. நமது கட்டுமரமும் ஆங்கிலத்துட் புக்கதன்றோ? ஆண்டு அது பிணித்த மரங்களைக் குறியாது, இரட்டையுடற் படகைக் குறிக்கின்றது.