கிட் காருக்கு இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்

ஒற்றைப்படை கியர்களை ஒரு கிளட்ச்சும் இரட்டைப்படை கியர்களை மற்றொன்றும் தாங்குவதால், அடுத்த கியர் முன்னதாகவே கோக்கப்பட்டு நிற்பதே இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் சிறப்பு. பாகங்களை வாங்கித் தாமே கட்டும் கிட் காரில் இதைப் பொருத்துவோர், எஞ்சின் தரும் முறுக்குவிசையின் அளவை, ‘கேன்’ எனப்படும் தகவல் தடத்தின் வழியே இது ஓயாமல் கேட்டுப் பெறுகிறது என்பதை முதலில் உணர வேண்டும். எனவே, பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கியர்பாக்ஸை மட்டும் தேடி அலைவதைவிட, ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்ற ஒரே காரின் எஞ்சின், கியர்பாக்ஸ், கட்டுப்பாட்டுப் பெட்டிகள், வயரிங் அனைத்தையும் ஒரே தொகுதியாக வாங்குவதே அறிவுடைமை.

வேறு எஞ்சின்தான் வேண்டுமெனில், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் தகட்டைக் கடைந்தபின், டயல் கேஜைக் கிராங்க் தண்டில் கட்டி, கியர்பாக்ஸ் கூட்டின் மையத்துளை விளிம்பில் அதன் முனை படும்படி ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி, முள் அசைவது நுண்ணளவே என உறுதிசெய்த பிறகே டவல் பின்களை இறக்க வேண்டும். மையம் விலகினால் கிளட்ச்சும் பேரிங்கும் விரைவில் தேயும். ஃபோக்ஸ்வேகனின் ஏழு கியர் உலர் கிளட்ச் வகை சுமார் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைவரையே தாங்கும். பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஊர்ந்து செல்லும் காருக்கு, எண்ணெயில் குளிரும் ஈரக் கிளட்ச் வகையே உகந்தது.

சட்டத்தை வேலை தொடங்கும் முன்பே கவனிப்பது மிக அவசியம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. ஆகவே ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி இல்லாத வண்டியைச் சாலையில் இறக்காமல், பந்தயத் தடத்தில் மட்டுமே ஓட்ட வேண்டும்.