கைப்பேசிக்குள் ஓர் எழுத்தாணி

முன்னுரை:
நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதினர். இன்று எழுத்தாணி கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது! 1994-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'சைமன்' கைப்பேசியிலேயே இத்தகைய கோல் இருந்தது. எனினும் 2011-இல் சாம்சங் வெளியிட்ட, 5.3 அங்குலத் திரையுடைய 'கேலக்ஸி நோட்' இதனைப் புகழ்பெறச் செய்தது.

இயங்கும் விதம்:
கோலினுள் சிறு கம்பிச்சுருள் உண்டு. திரையின் அடியிலுள்ள தகடு உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்து அது ஆற்றல் பெறுகிறது. வகுப்பில் நாம் படித்த மின்காந்தத் தூண்டலே இது. ஆகவே எழுதுவதற்கு மின்கலம் வேண்டியதில்லை.

நன்மைகள்:
கணக்கு, வேதியியல் சமன்பாடு, உயிரியல் படம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்வது கடினம்; கோலால் எழுதுவது எளிது. அழுத்தத்திற்கேற்பக் கோடு தடிப்பதால் படம் வரைவோர் மகிழ்வர். பெரிய திரையில் பாட்டியும் கண்ணாடியின்றிப் படிக்கிறார்.

தீமைகள்:
விலை அதிகம். ஒரு கையில் அடங்காது. 2015-இல் வந்த 'நோட் 5'-இல் கோலைத் தலைகீழாகச் செருகினால் சிக்கிக்கொண்டது.

என் அக்காள் கல்லூரிக் குறிப்புகள் அனைத்தையும் இத்தகைய கைப்பேசியிலேயே எழுதினாள், படியெடுத்து வைக்கவில்லை. தேர்வுக்கு முந்திய வாரம் அது மாடிப்படியில் விழுந்தது. திரை இருண்டது, குறிப்புகள் மீளவில்லை. தோழியின் நோட்டைப் பார்த்து இரவெல்லாம் அழுதுகொண்டே எழுதினாள்.

முடிவுரை:
"உனக்கும் ஒன்று வாங்கட்டுமா?" என்று அப்பா கேட்டார். ஆசைதான்! ஆயினும், "பொதுத்தேர்வு முடியட்டும், அப்பா" என்றேன். கருவி எதுவாயினும் படியெடுத்து வைப்போம். கற்றதை மனத்திலும் எழுதி வைப்போம்.