போகும்போது எதை விட்டுச் செல்வாய்?

கண்ணு, எக்ஸ் சர்வருக்குப் புரோகிராம் எழுத உட்கார்ந்துவிட்டாய். விண்டோ திறக்க ஆயிரம் பேர் சொல்லித் தருவார்கள். இணைப்பு அறுந்த பிறகு நடப்பதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அதை மட்டும் நான் சொல்கிறேன்.

1. சர்வர் உன் நல்ல பழக்கத்தை நம்பி இல்லை. 1984-இல் எம்ஐடியில் தொடங்கி 1987-இல் எக்ஸ்11 ஆனபோதும், புரோகிராம் ஒரு மெஷினிலும் திரை இன்னொன்றிலும் இருக்கலாம் என்றுதான் கணக்கு. நீ எக்ஸ்குளோஸ்டிஸ்ப்ளே அழைத்து முறையாக விடைபெற்றாலும், செக்மென்டேஷன் ஃபால்ட்டில் குப்புற விழுந்தாலும் அதற்கு ஒன்றே. நீ பிடித்து வைத்திருந்த மவுஸையும் கீபோர்டையும் விடுவிக்கும். உன் விண்டோ, பிக்ஸ்மேப், கர்சர் எல்லாவற்றையும் துடைத்துவிடும். இதற்கு டெஸ்ட்ராய்ஆல் என்று பெயர். நீ வாய் திறக்காவிட்டால் இதுதான் நடக்கும். பெரும்பாலும் இதுவே போதும், மாற்ற அவசரப்படாதே.

2. கடைசியில் துடைக்க ஆள் இருக்கிறது என்று ஓடும்போது சோம்பிவிடாதே. நீ உருவாக்கும் பிக்ஸ்மேப்பின் மெமரி சர்வர் கணக்கில் ஏறும், உன் கணக்கில் ஏறாது. ஊரான் வீட்டு நெய்யே என்று கை தாராளமாகும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வாரக்கணக்கில் "எக்ஸ் வீங்குகிறது" என்று சர்வரைத் திட்டினார்கள். எந்தப் புரோகிராம் சர்வரில் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரெஸ்டாப் ஓட்டிப் பார்த்தால் முதல் வரியில் நிற்பது, புது மெயில் வந்தால் மூலையில் மின்னும் ஒரு குட்டிப் புரோகிராம்! மின்னும்போதெல்லாம் ஒரு புதுப் பிக்ஸ்மேப். ஒன்றுக்கும் எக்ஸ்ஃப்ரீபிக்ஸ்மேப் இல்லை. எழுதியவர் கெட்டிக்காரர்தான். தன் புரோகிராமின் மெமரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

3. சில வேலைகளில், நீ போன பிறகும் பொருள் இருந்தாக வேண்டும். பின்னணிப் படம் போடும் புரோகிராமை எடுத்துக்கொள். படத்தைப் போட்டுவிட்டு அது முடிந்துவிடும். ஆனால் கண்ணாடி போலத் தோற்றம் காட்டும் டெர்மினல்கள் அந்தப் பிக்ஸ்மேப்பைத் தேடி வரும். எக்ஸ்செட்குளோஸ்டவுன்மோடில் ரீட்டெய்ன்பெர்மனன்ட் இருப்பது இப்படிப்பட்டவர்களுக்காக. பிக்ஸ்மேப்பின் எண்ணை ரூட் விண்டோவில் எக்ஸ்ரூட்பிமேப் ஐடி என்ற ப்ராப்பர்ட்டியாக எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்துப் படம் மாற்றுகிறவர் அதைப் படித்து, எக்ஸ்கில்கிளையன்ட் அழைத்துப் பழையதை ஒழிக்க வேண்டும். ஒழிக்காவிட்டால் போனவரின் பொருளும் கிடக்கும், அவருக்கு ஒதுக்கிய கிளையன்ட் இடமும் அடைபட்டே இருக்கும். எக்ஸ்.ஆர்க் சர்வரில் வழக்கமான உச்சவரம்பு 256 இடங்கள். நிமிடத்துக்கு ஒரு படம் மாற்றும் ஸ்கிரிப்ட் ஐந்து மணி நேரத்துக்குள் அத்தனையையும் அடைத்துவிடும். பிறகு ஒரு டெர்மினல்கூடத் திறக்காது.

ஆனால் எக்ஸ்கில்கிளையன்டுக்குக் கண் தெரியாது. அந்த எண்ணுக்குரிய புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதையே முடித்துவிடும். டெஸ்க்டாப்பே அந்த ப்ராப்பர்ட்டியை எழுதியிருந்தால் ஐகான்களோடு டெஸ்க்டாப்பும் போயிற்று. அதனால்தான் ஈசெட்ரூட் என்ற பின்னணிப் படப் புரோகிராம், ஈசெட்ரூட் பிமேப் ஐடி என்று இரண்டாவது ப்ராப்பர்ட்டியும் எழுதிவைக்கிறது. இரண்டிலும் ஒரே எண் இருந்தால்தான் கை வைக்கும். எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் இது. எதையாவது விட்டுச் சென்றால், அதை ஒழிக்கும் வழியையும் பின்னால் வருகிறவர் கைக்கு எட்டும்படி விட்டுச் செல். ரீட்டெய்ன்டெம்பரரி இன்னும் சாது: ஆல்டெம்பரரி என்று ஒரே அழைப்பில் அவ்வளவையும் பெருக்கிவிடலாம்.

4. பிறர் பொருளைப் பொறுப்பேற்றால் உன் சாவையும் யோசித்துவை. விண்டோ மேனேஜர் எழுதும்போது அடுத்தவர் விண்டோவை உன் சட்டத்துக்குள் நுழைப்பாய். நீ விழுந்தால் உன் சட்டம் அழியும். உள்ளே இருப்பதும் அதோடு அழியும். எக்ஸ்ஆட்டுசேவ்செட் சொல்லிவைத்திருந்தால், அழிப்பதற்கு முன்பே சர்வர் அந்த விண்டோவை வெளியே எடுத்து, மறைந்திருந்தால் திரையிலும் காட்டிவிடும். பாதி எழுதிய கட்டுரை திறந்திருந்த ஒருவருக்கு, மேனேஜர் விழுந்தபோது தலைப்புப் பட்டை மட்டும் காணாமல் போனது. அவர் முணுமுணுத்துவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

5. காப்பி செய்ததைச் சர்வர் வைத்திருக்கிறது என்று எண்ணாதே. அது உரிமையாளர் யார் என்பதை மட்டும் அறியும்; கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது நீ. நீ போனால் பேஸ்ட் செய்ய ஒன்றும் இராது. கிளிப்போர்டு மேனேஜர் இருந்தால் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பு.

6. ஃபோர்க் செய்தால் பிள்ளைப் புரோசஸில் டிஸ்ப்ளேயின் ஃபைல் டிஸ்கிரிப்டரை மூடு. அதை மறந்த ஒரு பிள்ளை உயிரோடிருந்தாலும், நீ விழுந்தபின் சர்வருக்கு இணைப்பு அறுந்தது தெரியாது; செத்த விண்டோ திரையில் நிற்கும்.

7. இதையெல்லாம் உன் சொந்தத் திரையில் சோதிக்காதே. செஃபிர் என்ற, ஒரு விண்டோவுக்குள் ஓடும் தனி எக்ஸ் சர்வருக்குள் ஓட்டி, கில் மைனஸ் 9 கொடுத்துப் பார். ஒன்று மட்டும் கவனி. கடைசிக் கிளையன்ட் டெஸ்ட்ராய்ஆலில் போனால், பிறர் விட்டுச்சென்றதையும் துடைத்து, சர்வர் தன்னையே ரீசெட் செய்துகொள்ளும் வழக்கம் உண்டு. ரூட் விண்டோ ப்ராப்பர்ட்டி உன் பொருள் அல்ல, நீ போனாலும் நிற்க வேண்டியது. ரீசெட்டில் அதுவும் போய்விடும். நீ தேடும் பிழை கண்ணில் படாது. ஓர் எக்ஸ்டெர்மை உள்ளே திறந்துவைத்துக்கொண்டு தொடங்கு.