வீட்டில் பியானோ பதிவு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இரண்டு மைக், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப். வீட்டுப் பியானோவைப் பதிவு செய்ய இவை போதும். கேட்க நன்றாக இருக்குமா என்பதை முடிவு செய்பவை வேறு. அவற்றைச் சுற்றித்தான் இத்தனை நம்பிக்கைகள்.

நம்பிக்கை: சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டினால் அறை ஸ்டுடியோ ஆகிவிடும்.
உண்மை: தெருச் சத்தத்தை முட்டை அட்டை தடுக்காது. அறைக்குள் எழும் கீச்சொலியில் கொஞ்சத்தை மட்டும் உறிஞ்சும். பியானோவின் கடைசிக் கீழ் ஸ்வரம் 27.5 ஹெர்ட்ஸ், அதன் ஒலியலை 12 மீட்டருக்கும் அதிக நீளம். இந்த அட்டை அதை ஒன்றும் செய்யாது. தீ மட்டும் எளிதில் பற்றும். சோபா, மெத்தை, நிரம்பிய புத்தக அலமாரி எவ்வளவோ மேல்.

நம்பிக்கை: அப்ரைட் பியானோவுக்கு மேல்மூடியைத் திறந்து மைக் வைப்பதே முறை.
உண்மை: கம்பிகள் தனியே எழுப்பும் ஒலி மிகச் சிறிது. அதைப் பெருக்கி அறைக்குள் பரப்புவது பின்புறமுள்ள சவுண்ட்போர்டு. பியானோவைச் சுவரிலிருந்து ஓரிரண்டு அடி இழுத்துப் பின்னால் மைக் வைத்துப் பாருங்கள். முன்பலகையைக் கழற்றி வைத்தால் சுத்தியலின் தட்டு தெளிவாக விழும். யாரையாவது வாசிக்கச் சொல்லி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுற்றி வாருங்கள். எங்கே நன்றாகக் கேட்கிறதோ அங்கே மைக்.

நம்பிக்கை: மைக் கூடினால் ஒலியும் வளமாகும்.
உண்மை: ஒரே ஒலி ஒவ்வொரு மைக்கையும் சற்று முன்பின்னாக எட்டுகிறது. எல்லாவற்றையும் கலக்கும்போது சில அலைவெண்கள் ஒன்றையொன்று அழித்து, ஒலி சப்பென்று ஆகிவிடும். பியானோ கலைஞர் கீத் ஜாரெட் 1975இல் ஜெர்மனியின் கோல்ன் நகரில் தனியாக வாசித்த புகழ்பெற்ற கச்சேரி இரண்டே மைக்கில் பதிவானது. பதிவை மோனோவில் ஒருமுறை கேளுங்கள். குழப்பம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நம்பிக்கை: மீட்டர் சிவப்பைத் தொடும்வரை லெவல் ஏற்ற வேண்டும்.
உண்மை: டேப்பின் இரைச்சலை மறைக்க வந்த பழக்கம் அது. 24 பிட் பதிவில் உச்ச ஒலிக்கு மேலே 10, 12 டெசிபெல் இடம் விட்டாலும் நஷ்டமில்லை. சிவப்பைத் தாண்டி வெட்டுப்பட்ட ஒலியைத்தான் முழுதாக மீட்க முடியாது.

நம்பிக்கை: சுருதி பிசகினால் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்.
உண்மை: பியானோவின் பெரும்பாலான ஸ்வரங்களுக்கு மும்மூன்று கம்பிகள். மூன்றில் ஒன்று இறங்கினாலும் ஸ்வரம் அலையடிக்கும்; பதிவான பிறகு அந்தக் கம்பியை மட்டும் பிரித்துச் சரிசெய்ய வழியில்லை. ஈரப்பதம் ஏறினால் சவுண்ட்போர்டு உப்பிச் சுருதியும் ஏறும். ஆகவே கடலோர ஊர்களில், மழைக்காலத்தில், பதிவுக்கு முந்தைய நாளே ட்யூனரை வரவழைப்பது நல்லது.

நம்பிக்கை: வீட்டுப் பதிவு வெறும் ஒத்திகைதான்.
உண்மை: ஜெர்மானியக் கலைஞர் நில்ஸ் ஃப்ராம், இரவில் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை வேண்டாமென்று கம்பிகளுக்குக் கம்பளித் துணி கொடுத்து, மைக்கை மிக அருகில் வைத்து வாசித்தார். அதுவே 2011இல் ‘ஃபெல்ட்’ என்ற ஆல்பமாக வந்தது.

முதலில் ட்யூனருக்குச் செலவிடுங்கள். அடுத்து அறையைக் கவனியுங்கள், மைக் வைக்கும் இடத்தைத் தேடுங்கள். விலை உயர்ந்த மைக் கடைசியில் வரட்டும்.