மரவேலைக் கருவிகள்: தேர்ந்து வாங்கும் முறை

மரவேலை பழக விரும்பும் மாணவனுக்கு முதல் தடை பணமே. பத்து உளிகள் கொண்ட மலிவான பெட்டி கிடைக்கும் விலைக்கு நல்ல உளி இரண்டுதான் கிடைக்கும். அந்த இரண்டையே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. காரணங்களைக் கூறுகிறேன்.

உளியின் உயிர் அதன் எஃகில் இருக்கிறது. கார்பன் மிகுந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சிக் குளிர்வித்துப் பதப்படுத்தினால்தான் கூர் நிலைக்கும். பதமில்லாத உளி, வேம்பின் ஒரு கணுவிலேயே மடங்கிவிடும். கடைக்காரரின் அனுமதியோடு, வெட்டுமுனைக்கு அருகே ஓரத்தில் சிறிய அரத்தை இலேசாக ஓட்டிப் பார்க்கலாம். அரம் வழுக்கினால் பதம் உண்டு. எளிதில் அராவினால் இல்லை.

பழைய கருவிகளை இகழ வேண்டாம். மேலோட்டமான துரு தேய்த்தால் போய்விடும். ஆனால் உளியின் தட்டையான பின்புறத்தில், முனையருகே துரு குழி பறித்திருந்தால் கூர் முழுமை பெறாது. முனை நீலம் பாய்ந்திருந்தால், சாணைச் சக்கரத்தில் சூடேறிப் பதம் இழந்தது என்று அறியலாம்.

ரம்பத்தைக் கண்ணருகே நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். தகடு நேராக இருக்க வேண்டும். சற்றே வளைத்து விட்டால் பழையபடி நிமிர வேண்டும். பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையேல் அறுக்கும்போது தகடு மரத்தில் இறுகிவிடும்.

மூலைமட்டத்தைச் சோதிப்பது எளிது. நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்துக் கோடு கீறுக. பின் மட்டத்தைப் புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு கீறுக. இரண்டும் ஒன்றினால் 90 பாகை சரி. விலகினால், அவ்விலகல் உண்மைப் பிழையைப் போல் இரு மடங்கு. ஆகவே சிறு பிழையும் தப்பாது.

தொடக்கத்திற்கு 12 மி.மீ., 25 மி.மீ. உளிகள், ஒரு கைரம்பம், மூலைமட்டம் ஆகியவை போதும். கொட்டாப்புளியைப் புளியங்கட்டையில் நாமே செய்துகொள்ளலாம். இழைப்புளியைப் பின்னர் வாங்கலாம். ஆனால் தீட்டுக்கல்லைத் தள்ளிப்போடக் கூடாது. புது உளியும் கடையிலிருந்து முழுக் கூரோடு வருவதில்லை. முகச் சாய்வை 25 பாகையில் தேய்த்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டினால் பொதுவான வேலைக்கு ஏற்றது.

மழுங்கிய உளியை வலிந்து தள்ளும்போதுதான் அது வழுக்கிக் கையைப் பதம் பார்க்கிறது. 'எனக்குக் கைவேலை வராது' என்று பலர் விலகுவதற்கும் மட்டமான கருவியே பெரும்பாலும் காரணம். நண்பர்களே, குறைவாக வாங்குவோம், சோதித்து வாங்குவோம், தீட்டி வைப்போம்.

— மூன்றாம் ஆண்டு, இயற்பியல்